ஃபிரேசல் வேர்ப்: பட்டியல் பாடம், ஆனா வாயில வருகுதில்லை

வடலி (இழையைத் தொடங்கியவர்)

ஏ.எல். முடிச்சு ஐ.ஈ.எல்.ரி.எஸ். எண்ட ஆங்கிலச் சோதினை எடுக்கப்போற பிள்ளையளிட்டை ஒரே மாதிரியான போட்டோகொப்பி ஒண்டு சுத்துது. இடப்பக்கம் ஃபிரேசல் வேர்ப் (வினையோட 'அப்', 'ஓஃப்' மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து வாறது), வலப்பக்கம் தமிழ்க் கருத்து. 'கிவ் அப்' கைவிடு, 'புட் ஓஃப்' பிற்போடு, 'லுக் ஆஃப்டர்' பராமரி. கேட்டா டக்கெண்டு ஒப்புவிப்பினம். கதைக்க விட்டா ஒண்டும் வராது. வந்தாலும் 'லுக் ஹிம் ஆஃப்டர்', 'டேர்ன் ஓஃப் இட்' எண்டுதான் வரும். பட்டியல் பிழையோ, பாடமாக்கிற விதம் பிழையோ? படிப்பிக்கிற ஆக்கள் இஞ்ச நிறையப்பேர் இருக்கிறியள், விபரமாச் சொல்லுங்கோ. 'நிறைய வாசி, தானா வரும்' எண்ட பதில் மட்டும் வேண்டாம்.

சட்டம்பி

பட்டியலில் உள்ள கருத்துகள் பெரும்பாலும் சரிதான். செயப்படுபொருள் எங்கே நிற்கும் என்பது அதில் இல்லை. அதுதான் குறை.

இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது கருத்தொன்றைத் தருவது தமிழருக்குப் புதிதல்ல. 'கண்டுபிடி' என்பதில் பிடிப்பது எங்கே இருக்கிறது? 'விட்டுக்கொடு', 'கைவிடு', 'ஒத்துக்கொள்' எல்லாம் அப்படித்தான். ஆனால் தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்பே வந்துவிடும்: 'விடையைக் கண்டுபிடி'. 'கண்டு' என்பதற்கும் 'பிடி' என்பதற்கும் நடுவே அது போய் நிற்காது. ஆங்கிலத்தில் நிற்கும். எங்கள் பிள்ளைகள் சறுக்குவது அந்த இடத்தில்.

நான்கு வகையாகப் பார்த்தால் போதும்.

செயப்படுபொருளே வேண்டாதவை முதல்வகை. 'த பஸ் ப்ரோக் டவுன் அட் கொடிகாமம்', 'ஹீ டிட்ன்ட் ஷோ அப்'. இவற்றில் குழப்பம் இல்லை.

அடுத்தவை பிரியக்கூடியவை: டேர்ன் ஓஃப், புட் ஓஃப், கோல் ஓஃப், ஃபில் இன், லுக் அப், டேர்ன் டவுன். பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடத்திலும் நிற்கலாம். 'டேர்ன் ஓஃப் த ஃபான்' சரி, 'டேர்ன் த ஃபான் ஓஃப்' என்பதும் சரி. 'இட், ஹிம், ஹேர், தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில் மட்டுமே: 'டேர்ன் இட் ஓஃப்'. 'டேர்ன் ஓஃப் இட்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். செயப்படுபொருள் நீண்டுவிட்டால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும். நடுவில் எட்டுப் பத்துச் சொல்லை வைத்துவிட்டுக் கடைசியில் 'டவுன்' என்று முடித்தால், கேட்பவர் அதற்குள் வினையையே மறந்துவிடுவார்.

மூன்றாவது வகை பிரியாதவை: லுக் ஆஃப்டர், லுக் ஃபோர், கம் அக்ரோஸ், ரன் இன்டு, கெட் ஓவர், டேக் ஆஃப்டர். இவற்றில் பிரதிப்பெயரும் பின்னால்தான்: 'லுக் ஆஃப்டர் ஹிம்'.

மிச்சம் மூன்று சொற்கள் கொண்டவை: புட் அப் வித், ரன் அவுட் ஒவ், லுக் ஃபோர்வர்ட் டு, கெட் ஓன் வித். செயப்படுபொருள் பெரும்பாலும் கடைசியிலேயே வரும்.

ஆகவே பட்டியலில் 'டேர்ன் ஓஃப்' என்று எழுதாதீர்கள். 'டேர்ன் இட் ஓஃப்' என்றே எழுதுங்கள். அதேபோல 'லுக் ஆஃப்டர் ஹிம்'. ஒரு பிரதிப்பெயரைச் சேர்த்து மனனம் செய்தால் இலக்கணமும் கூடவே வந்துவிடும்.

தட்டிவான்

அண்ணை, பிரியுமோ பிரியாதோ எண்டு பாத்த உடன சொல்ல ஏதும் வழி இருக்கோ? ஒவ்வொண்டா மனப்பாடம் செய்யத்தான் வேணுமோ?

சட்டம்பி

வழி இருக்கிறது. இரண்டாவது சொல்லைப் பாருங்கள். ஆஃப்டர், ஃபோர், இன்டு, அட், வித், ஃப்ரொம் ஆகியவை முன்னிடைச் சொற்கள் (ப்ரெப்பொசிஷன்). அவை கடைசியில் நின்றால் பிரியாது. அப், அவுட், ஓஃப், டவுன், அவே, பாக் ஆகியவை செயப்படுபொருளோடு வந்தால் மிகப் பெரும்பாலும் பிரியும். 'கெட் ஓஃப் த பஸ்' போலச் சில விலக்கு உண்டு.

சிக்கல் கொடுப்பவை ஓவர், த்ரூ, ரவுண்ட், ஓன் என்பவை. இரண்டு பக்கமும் போகும். 'ஐ கான் சீ த்ரூ ஹிம்' என்றால் அவனுடைய நடிப்பு எனக்குத் தெரியும் என்று பொருள். 'ஐ வில் சீ இட் த்ரூ' என்றால் எடுத்த காரியத்தை முடிவுவரை கொண்டுபோவேன் என்று பொருள். சொல் அதேதான், பிரதிப்பெயர் இடம் மாறியதும் கருத்து மாறிவிட்டது. 'கெட் ஓவர் இட்' (துயரத்திலிருந்து மீள்) வேறு, 'கெட் இட் ஓவர் வித்' (தொல்லையான வேலையைச் செய்து தொலை) வேறு.

காதாலும் பிடிக்கலாம். பிரியும் வகையில் அழுத்தம் இரண்டாவது சொல்லில் விழும்: 'டேர்ன் இட் ஓஃப்'. 'லுக் அட் இட்' என்பதில் அழுத்தம் 'லுக்'கில். அதே சோடி பெயர்ச்சொல்லாக மாறினால் அழுத்தம் முதற்சொல்லுக்கு வந்துவிடும். 'த கார் ப்ரோக் டவுன்', ஆனால் 'அ ப்ரேக்டவுன்'.

ஆரியகுளம்

நான் பட்டியலுக்கே எதிரி. பின்னால வாற சின்னச் சொல்லின்ர குணத்தைப் பிடிச்சா அரைவாசி தானா விளங்கும்.

'அப்' எண்டா மேல எண்டு மட்டும் நினைக்காதேங்கோ, முழுசா முடியிறது எண்ட கருத்தும் இருக்கு. 'ஈட் அப்' மிச்சம் விடாமச் சாப்பிடு, 'யூஸ் அப்' பாவிச்சு முடி, 'ஃபில் அப்' நிரப்பி முடி. நாங்கள் 'சாப்பிட்டு முடி', 'குடிச்சுத் தீர்' எண்டு துணைவினையைப் போட்டுச் செய்யிற வேலையை அவங்கள் 'அப்'பால செய்யிறாங்கள். 'ஓன்' எண்டா விடாமல் தொடருறது: கேரி ஓன், கீப் ஓன், கோ ஓன். 'டவுன்' குறையிறது: கட் டவுன், ஸ்லோ டவுன், கூல் டவுன். 'ஓஃப்' பிரியிறது, அகலுறது: கட் ஓஃப், டேக் ஓஃப், ட்ரொப் ஓஃப். 'அவுட்' ஒண்டில் பங்கிடுறது, 'ஹான்ட் அவுட்', 'கிவ் அவுட்' மாதிரி. இல்லாட்டி இல்லாமல் போறது, 'டை அவுட்', 'ரன் அவுட்' மாதிரி.

உது இண்டைக்கு நேற்றுத் தொடங்கின தலையிடி இல்லை. 1755இல சாமுவேல் ஜோன்சன் தன்ர ஆங்கில அகராதியின்ர முன்னுரையிலயே, வெளிநாட்டாருக்கு ஆகக் கஷ்டம் குடுக்கிறது உந்த வினையோட சின்னச் சொல் சேருற விசயம்தான் எண்டு எழுதிப்போட்டார்.

சாம்பல்மொந்தன்

ஆரியகுளம் சொல்லுறது வாசிக்கேக்க கருத்தை ஊகிக்க உதவும். நீங்களாச் சொல்லை உருவாக்கப் போனா விழுத்தும். 'த ஹவுஸ் பேர்ன்ட் டவுன்' எண்டாலும் வீடு முழுசா எரிஞ்சுது, 'த பேப்பர் பேர்ன்ட் அப்' எண்டாலும் முழுசா எரிஞ்சுது. அப்பும் டவுனும் எதிர்ச்சொல் எண்டு நம்பினா இதை என்னண்டு விளங்கப்படுத்துறது? 'கிவ் அப்'பில கைவிடுறதுக்கும் மேல போறதுக்கும் என்ன சம்பந்தம்?

அதை விட முக்கியம், ஒரே வினையில தொடங்கிறதை ஒரேயடியாப் படிப்பிக்கக் கூடாது. கெட் அப், கெட் ஓன், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே வித் எண்டு ஒரே பக்கத்தில அடிச்சுக் குடுக்கிறது பாக்க வடிவு. சோதினையில எது எதெண்டு தெரியாமல் பிள்ளை முழிக்கும். ஒரே முகமுள்ள சொற்கள் ஒண்டை ஒண்டு மறைச்சுப்போடும். இடம் வச்சுப் படிப்பியுங்கோ. பஸ் பயணத்துக்கு: செட் ஓஃப், கெட் ஓன், ப்ரேக் டவுன், கெட் ஓஃப், பிக் அப். வங்கிக்கு: ஃபில் இன், பே இன், டேக் அவுட். அஞ்சோ ஆறோ போதும், ஒரு கதைக்குள்ள எல்லாம் அடங்கும்.

தட்டிவான்

ஒரு சோடிக்கு நாலு கருத்து இருந்தா? 'டேக் ஓஃப்' பலாலியில பிளேன் கிளம்பிறதுக்கும் வருது, நல்லூர்க் கோயிலுக்குள்ள ஆம்பிளையள் சேட்டைக் கழட்டுறதுக்கும் வருது, ஒரு நாள் லீவு எடுக்கிறதுக்கும் வருது.

சாம்பல்மொந்தன்

மூண்டையும் மூண்டு தனிச்சொல்லா வச்சுக்கொள்ளுங்கோ, ஏனெண்டா இலக்கணமே வேறை. பிளேன் கிளம்பிறதுக்குச் செயப்படுபொருள் இல்லை: 'த ஃப்ளைட் டுக் ஓஃப்'. பைலட் பிளேனை 'டுக் ஓஃப்' பண்ணினார் எண்டு சொல்லேலாது. சேட்டு பிரியும் வகை: 'டேக் இட் ஓஃப்'. லீவில நாள் நடுவில வரும்: 'டேக் அ டே ஓஃப்'. முதல் மாதம் ஒண்டைப் படிச்சுக் கைவந்தாப் பிறகு மற்றதுக்குப் போங்கோ.

திருப்பியும் நடக்கும். எங்கட ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில நாலு. நாங்கள் விளக்கையும் நூர்ப்பம் (அணைப்பம்), லைற்றையும் நூர்ப்பம், நெருப்பையும் நூர்ப்பம். ஆங்கிலத்தில நெருப்புக்கு 'புட் அவுட்', மெழுகுதிரியை வாயால ஊதினா 'ப்ளோ அவுட்', லைற்றுக்கு 'டேர்ன் ஓஃப்' அல்லது 'ஸ்விச் ஓஃப்'. தண்ணிப் பைப்புக்கு 'டேர்ன் ஓஃப்' மட்டும். அங்க சுவிச் இல்லை, 'ஸ்விச் ஓஃப் த டப்' எண்டா சிரிப்பாங்கள்.

நாவற்குழி

எங்கட பக்கம் அடிக்கடி கேக்கிற சிலது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். எடுக்கிற ஆக்கள் கவனியுங்கோ.

'கோப் அப் வித்' எண்டு ஒண்டு இல்லை. 'கோப் வித்' தான். 'கீப் அப் வித்' இருக்கிறதாலதான் குழம்புது.

'ஃபில் அப் த ஃபோம்' எண்டு கந்தோரில எல்லாரும் சொல்லுவினம். படிவத்துக்கு 'ஃபில் இன்', அமெரிக்கர் 'ஃபில் அவுட்' எண்டும் சொல்லுவினம். 'ஃபில் அப்' பெற்றோல் ராங்குக்கு.

'கெட் டவுன் ஃப்ரொம் த பஸ்' எண்டதுக்கு 'கெட் ஓஃப் த பஸ்'. கார், ஓட்டோ எண்டா 'கெட் அவுட் ஒவ்'. எழும்பி நிண்டு நடக்கேலுமான வாகனத்துக்கு ஓன், ஓஃப் வரும். குனிஞ்சு ஏறுற வாகனத்துக்கு இன், அவுட் ஒவ்.

'ஓஃப் த லைட்' எண்டதில வினையே இல்லை. தமிழில 'ஓஃப் பண்ணு' எண்டு சொல்லிச் சொல்லி, 'பண்ணு'வை விட்டுட்டா இதுதான் மிஞ்சும்.

'பாஸ்ட் அவுட் ஃப்ரொம் த கம்பஸ்' எண்டு சொன்னா வெளிநாட்டுக்காரன் கம்பஸில மயங்கி விழுந்திட்டியோ எண்டு கேப்பான். 'கிராஜுவேட்டட்' எண்டு சொல்லுங்கோ.

ஆரியகுளம்

நாவற்குழி, எல்லாத்தையும் பிழை எண்டு ஒதுக்கேலாது. 'வீ கொட் டவுன் அ மெஷின் ஃப்ரொம் ஜப்பான்' எண்டா வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சம் எண்டு கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் எல்லாருக்கும் விளங்கும். அது இலங்கை ஆங்கிலம். தனக்கெண்டு ஒழுங்குள்ள வழக்கு.

நாவற்குழி

மறுக்கேல்லை. கொழும்புக் கொம்பனிக்கு எழுதேக்க தாராளமாப் பாவியுங்கோ. சோதினையில முன்னால இருக்கிற ஆளுக்கு அது விளங்காட்டி விளங்கப்படுத்த நேரம் போயிடும். பேச்சுச் சோதினையே மொத்தம் 11இல இருந்து 14 நிமிசம்தான்.

வடலி

அந்தச் சோதினையைப் பற்றியே கேக்கிறன். ஃபிரேசல் வேர்ப் கூடப் போட்டா புள்ளி கூடும் எண்டு ரியூசனில சொல்லுகினம். எழுத்திலயும் போடலாமோ?

சட்டம்பி

எண்ணிக்கைக்குப் புள்ளி இல்லை. பேச்சில் நான்கு அளவுகோல்களில் சொல்வளம் ஒன்று. 7ஆம் பாண்டுக்கு (அந்தச் சோதனையின் புள்ளிப் படி) கொஞ்சம் அரிதான, மரபுவழிச் சொற்களைப் பாவிக்கும் திறன் எதிர்பார்க்கப்படுகிறது. சில இடத்தில் பொருத்தம் தவறினாலும் அந்தப் பாண்டில் பொறுத்துக்கொள்வார்கள். அதற்காக ஒவ்வொரு வசனத்திலும் திணித்தால் மனப்பாடம் என்பது உடனே தெரிந்துவிடும்.

எழுத்தில் இடம் பார்க்க வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ்.இன் ஜெனரல் டிரெயினிங் பிரிவில் நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் 'கட்ச் அப்', 'டிரொப் பை', 'புட் மீ அப்' எல்லாம் பொருந்தும். கட்டுரைக்கு 'ஹாங் அவுட்', 'மெஸ் அப்' பொருந்தாது. 'புட் அப் வித்'துக்குப் பதில் 'டொலரேட்', 'புட் ஓஃப்'புக்குப் பதில் 'போஸ்ட்போன்' என்று எழுதலாம். ஆனால் ஃபிரேசல் வேர்ப் எல்லாமே பேச்சுமொழி என்பது தவறான எண்ணம். 'கேரி அவுட்', 'செட் அப்', 'ப்ரிங் அபவுட்', 'ஃபேஸ் அவுட்' ஆகியவை அரச அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் வருபவை. வரைபடத்தை விவரிக்கும்போது 'அக்கவுண்ட் ஃபோர்' இல்லாமல் வீதக் கணக்கு எழுதுவதே கடினம்.

தட்டிவான்

எனக்குப் பிரச்சினை கேக்கிறதிலதான். எழுத்தில பாத்தா தெரிஞ்ச சொல், ஒலிப்பதிவில ஓடேக்க ஒண்டும் பிடிபடாது.

சட்டம்பி

ஏனென்றால் ஒலிப்பதிவில் மூன்று சொல் கேட்காது, ஒரே சொல்தான் கேட்கும். புணர்ச்சி இலக்கணம் படித்தவருக்கு இது எளிது: முதற்சொல்லின் மெய்மேல் அடுத்த சொல்லின் உயிர் ஏறிவிடும். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆகும். 'டேர்ன் இட் ஓஃப்' என்பது 'டேர்னிட்டோஃப்'. அமெரிக்கர் வாயில் நடுவில் உள்ள டகரம் இன்னும் தேய்ந்து ரகரத்துக்குக் கிட்டப் போகும்: 'புரிரோஃப்' என்று கேட்டால் அது 'புட் இட் ஓஃப்'. 'ஹிம்', 'ஹேர்' வந்தால் ஹகரம் விழுந்துவிடும்: 'பிக் ஹிம் அப்' என்பது 'பிக்கிமப்'.

பயிற்சி இப்படி: எழுத்துவடிவம் உள்ள ஒலிப்பதிவில் 30 விநாடித் துண்டொன்றை எடுங்கள். பாராமல் மூன்று தரம் கேட்டு, கேட்டதை எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, விடுபட்ட சின்னச் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். விடுபட்டவை பெரும்பாலும் இந்த அப், ஓஃப், இட் தான். அந்த வசனத்தைச் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வாய் சேர்த்துச் சொல்லிப் பழகியதைத்தான் காது சேர்ந்து வரும்போது பிடிக்கும்.

சாம்பல்மொந்தன்

படிக்கிற முறைக்கு வாறன். வடலி, அந்தப் போட்டோகொப்பியைத் தூக்கி எறிய வேண்டாம், அட்டையா மாத்துங்கோ. கைபேசியில 'அங்கி' எண்ட அட்டை திருப்பிப் படிக்கிற செயலி இருந்தாலும் சரி, பழைய கலியாணக் காட்டை வெட்டினாலும் சரி.

முன்பக்கம் தமிழ்ச் சொல்லை எழுதாதேங்கோ, நிலைமையை எழுதுங்கோ. 'மழை. சனிக்கிழமை மட்ச் நடக்காது. இனியும் நடக்காது.' பின்பக்கம் முழு வசனம்: 'தே கோல்ட் இட் ஓஃப்'. இன்னொரு அட்டை: 'மழை. மட்ச் அடுத்த சனிக்கு.' பின்பக்கம்: 'தே புட் இட் ஓஃப்'. 'கோல் ஓஃப்' ரத்து, 'புட் ஓஃப்' பிற்போடல். பட்டியலில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிண்டு குழப்பிறதுக்கு இதுதான் மருந்து. ரெண்டு அட்டையையும் ஒரே நாளில தொடங்காதேங்கோ, ஒரு கிழமை இடைவெளி விடுங்கோ.

கிழமைக்கு 8இல இருந்து 10 புதுசு போதும். அடுத்த நாள் ஒருக்கா, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், ரெண்டு கிழமையால ஒருக்கா. வாயால சொல்லிப்போட்டுத்தான் திருப்பிப் பாக்கோணும். மனசுக்குள்ள 'ஓ, தெரியும்' எண்டு திருப்பினா தெரியாததும் தெரிஞ்ச மாதிரித்தான் இருக்கும்.

அகராதி பாக்கேக்க ஒக்ஸ்ஃபோர்ட், லோங்மன் மாணவர் பதிப்பைப் பாருங்கோ. வினைக்கும் சின்னச் சொல்லுக்கும் நடுவில இருபக்க அம்புக்குறி இருந்தா அது பிரியும். செயப்படுபொருளின்ர சுருக்கக் குறி கடைசியில மட்டும் நிண்டா பிரியாது. ஆங்கிலம்–தமிழ் அகராதியளில பெரும்பாலும் இந்தக் குறி இருக்காது.

ஆரியகுளம்

தலைகீழ்ச் சோடியளையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. 'டேக் ஓவர்' பொறுப்பேற்கிறது, 'ஓவர்டேக்' ஏ9 வீதியில வாகனத்தை முந்திறது. 'லுக் ஓவர்' மேலோட்டமாப் பார்வையிடுறது, 'ஓவர்லுக்' கவனிக்காமல் விடுறது. 'ஹோல்ட் அப்' தாமதப்படுத்திறது, 'அப்ஹோல்ட்' தீர்ப்பை உறுதிசெய்யிறது. நீதிமன்றச் செய்தி மொழிபெயர்க்கிற ஆக்கள் கடைசிச் சோடியில கவனமா இருங்கோ.

வடலி

எல்லாருக்கும் நன்றி. பிள்ளையளின்ர கொப்பியில இருந்து ஆறு வசனம். சட்டம்பி அண்ணை, திருத்தி விடுங்கோ.

1. ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வர்ட் டு மீட் யூ.
2. த மட்ச் வோஸ் கோல்ட் பிகோஸ் ஒவ் ரெயின்.
3. வீ ரான் அவுட் த பெற்றோல் நியர் ஆனையிறவு.
4. ஷீ டேர்ன்ட் த ஜொப் தட் த பாங்க் இன் கிளிநொச்சி ஓஃபர்ட் ஹேர் டவுன்.
5. ஐ கேம் இட் அக்ரோஸ் இன் த லைப்ரரி.
6. ஹிஸ் கிராண்ட்மதர் க்ரூ ஹிம் அப் இன் காரைநகர்.

சட்டம்பி

1. 'மீட்டிங் யூ'. இங்கே 'டு' முன்னிடைச் சொல், பின்னால் பெயரோ 'இங்' வடிவமோதான் வரும். 'ஹியரிங் ஃப்ரொம் யூ' என்று கடிதம் முடிப்பதும் இதனால்தான்.

2. 'வோஸ் கோல்ட் ஓஃப்'. செயப்பாட்டுவினையில் செயப்படுபொருள் முன்னால் போய்விடுவதால், சின்னச் சொல்லுக்கும் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அது வினையின் பகுதி, கூடவே இருக்க வேண்டும்.

3. 'ரான் அவுட் ஒவ் பெற்றோல்'. 'ஒவ்' இல்லாமல் எழுத வேண்டுமென்றால் பெற்றோலையே எழுவாயாக்குங்கள்: 'த பெற்றோல் ரான் அவுட்'.

4. இலக்கணத்தில் பிழை என்று அடிக்க முடியாது, வாசிக்க முடியாது. 'ஷீ டேர்ன்ட் டவுன் த ஜொப்' என்று தொடங்கி மிச்சத்தைப் பின்னால் விடுங்கள்.

5. 'கேம் அக்ரோஸ் இட்'. பிரியாத வகை.

6. இதைத் தமிழிலேயே விளங்கப்படுத்தலாம். வளர்ந்தான் தன்வினை, வளர்த்தார் பிறவினை. 'க்ரோ அப்' வளர்வது, 'ப்ரிங் அப்' வளர்ப்பது. 'ஹீ க்ரூ அப் இன் காரைநகர்' சரி. 'ஹிஸ் கிராண்ட்மதர் ப்ரோட் ஹிம் அப்' சரி. அம்மம்மாவும் வேண்டும், காரைநகரும் வேண்டும், செயப்பாட்டுவினையும் வேண்டும் என்றால்: 'ஹீ வோஸ் ப்ரோட் அப் பை ஹிஸ் கிராண்ட்மதர் இன் காரைநகர்'. 'அப்'பையும் 'பை'யையும் அடுத்தடுத்துப் பார்த்து ஒன்றைப் பிள்ளை அழித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.